ஏழு ஊக்கு

உசிலம்பட்டி ஆஸ்பத்திரியில்
ஈசிஜி அறைக்குக் கதவு கிடையாது, திரைதான்.
அதன் கிழிசலில் இருப்பது நான் போட்ட தையல்.
பதினோரு வருசமாக அதற்குள் நின்று
நெஞ்சுகளைக் காகிதத்தில் இறக்குகிறேன்.

தனக்கொடி நோயாளியாக வரவில்லை.
புருசனைக் கூட்டிவந்தாள்.
அவர் கழற்றிய சட்டையை மடித்துக் கையில் போட்டுக்கொண்டாள்.
அவர் செருப்பைக் காலால் ஓரம் தள்ளினாள்.
அவரைக் கேட்டதற்கெல்லாம் அவளே பதில் சொன்னாள்.
அவர் காகிதம் சுத்தம்.
கயிறு பிடித்து நட்ட நாற்று.

அப்போதுதான் பார்த்தேன்,
விசிறிக்கு நேர் அடியில் நின்றும்
ரவிக்கையின் முதுகு தெப்பமாக நனைந்திருந்தது.
பல்வலிக்காரி போலத்
தாடையை ஒரு கையில் தாங்கியிருந்தாள்.

'வாயுங்க. மூணு நாளா.
சோடா குடிச்சா கேட்டுக்கிரும்.'

படுங்க என்றேன்.

'எனக்கா? சீட்டு அவரு பேருக்குல்ல போட்டிருக்கு.'

வயசு?
'பெரியவனுக்கு முப்பது. பாத்துப் போட்டுக்கங்க.'
நாற்பத்தெட்டு என்று போட்டேன்.
சர்க்கரை?
'இருக்குன்னாங்க. அவரு மாத்திரையில பாதி ஒடச்சுப் போட்டுக்கிருவேன்.'
பீடி, சிகரெட்?
சிரித்துவிட்டாள்.
'குடிக்கிறது அவரும் அடுப்பும். நான் ஊதிவிடுறதோட சரி.'
பிரசவத்தில் ஏதும்?
'கடைசிப் பிள்ளைக்குக் காலெல்லாம் வீங்கி ஜன்னி வந்துச்சு.
அது ஆச்சு இருவத்திரெண்டு வருசம்.
அதுக்கும் இதுக்கும் என்னங்க?'
மாதவிலக்கு?
'நின்னு ரெண்டு வருசம். பெரிய நிம்மதி.'

அந்த நிம்மதி வந்த வழியாகவே
வீட்டுக் காவல் வெளியே போயிருந்தது.
அதைச் சொல்ல எனக்கு நேரமில்லை.

'புதன்கிழமை குழுவுக்குக் கட்டணும்' என்றாள்,
நான் கேட்காமலே.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதிவைத்தேன்.

தங்கம் கூட்டுறவு வங்கியில் இருந்தது.
கழுத்தில் மஞ்சள் கயிறு,
அதில் ஏழு ஊக்கு.
முள் எடுக்க ஒன்று,
பேரன் சட்டைக்கு ஒன்று,
மிச்சமெல்லாம் ஊரில் யார் கேட்டாலும் கொடுக்க.
கயிற்றைத் தோளுக்கு ஒதுக்கி
ஊக்குகளைத் தட்டில் போட்டேன்.
'ஆத்தீ, குளுருது. கரண்டு அடிக்குமா?'
இல்லக்கா,
உங்க கரண்டத்தான் நாங்க எடுக்குறோம்.

காகிதம் ஊர்ந்து வந்தது.
நாற்று இல்லை.
துடிப்புக்குத் துடிப்பு கோடு மேலே ஏறி
இறங்காமல் அங்கேயே நின்றது,
சுமையை இறக்கிவைக்க மறந்த தோள் மாதிரி.

டாக்டர் ஓடிவந்து மாத்திரைகளை மெல்லச் சொன்னார்.
'தண்ணியில்லாமயா?' என்றாள்.
தூக்குப்படுக்கையில் ஏற்றும்போது
புருசனிடம் சொல்லிக்கொண்டே போனாள்:
கன்னுக்குட்டிக்குத் தண்ணி காட்டுங்க,
ரசம் மூடாம இருக்கு,
பால்காரர்கிட்ட நாளைக்கு ஊத்தலன்னு சொல்லிருங்க.
அவர் அவள் செருப்பைக் கையில் எடுத்து
எங்கே வைப்பதென்று தெரியாமல்
வாசலில் நின்றார்.

செல்லம்பட்டி, செக்கானூரணி, நாகமலை.
மதுரைப் பெரியாஸ்பத்திரி வரைக்கும்
ஒவ்வொரு வேகத்தடையையும்
இருந்த இடத்திலிருந்தே எண்ணினேன்.
பிறகு திரைக்குள் தனியாக நின்று
என் தாடையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

ஊக்குகள் தட்டிலேயே கிடந்தன.
தாளில் மடித்து அவள் பெயரை எழுதினேன்.
எழுதியதும் பயமாக இருந்தது.
பெயரை அடித்துவிட்டு 'ஊக்கு' என்று மட்டும் போட்டேன்.

பங்குனியில் ஒரு நாள் வந்தாள்.
மணிக்கட்டில் எறும்பு கடித்தாற்போல் ஒரு தழும்பு.
மாத்திரைப் பை அவள் பெயரில்,
முழு மாத்திரை.
'ஏழு இருந்துச்சே' என்றாள்.
எண்ணித்தான் வாங்கிக்கொண்டாள்.

பின்னால் அவள் ஓரகத்தி,
சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துத் துடைத்து,
ஒண்ணுமில்ல ஒண்ணுமில்ல என்றபடி.
தனக்கொடி என்னைக் கேட்கவில்லை.
திரையை அவளே விலக்கினாள்.

'ஏறிப் படுடி.
இவளுக்கும் வாயுவாம்.'